கோட்டுக்குப் பின்னால் பிடிபட்ட பந்து

இறுதியாட்டம் முடிய ஐம்பத்தொரு விநாடிகள் இருந்தபோது புல்லின் மேல் ஒரு மஞ்சள் துணி விழுந்தது. வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு ஐயமின்றி விடை சொல்லக்கூடிய இடத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். நான் "தெரியேல்லை" என்றேன்.

ரொறன்ரோவில் அமெரிக்கன் ஃபுட்போல் நடுவராக இருபத்திரண்டு பருவங்கள் பணியாற்றியிருக்கிறேன். இத்தொழிலுக்கு வர விரும்பும் எம்மவர்கள் என் அனுபவங்களைக் கேட்பதுண்டு. இதுவரை நான் சொல்லிவந்தவை எனக்குப் பெருமை சேர்ப்பவை. இது அவ்வகையைச் சேர்ந்ததல்ல. எழுதுமாறு ஒருவர் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

1. நான் நின்ற இடம்

நான் கணிதப் பட்டதாரி. இந்த நகரத்துக்கு வந்தபின் ஒரு பொறியியல் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கு என்னோடு வேலைசெய்த ஒருவர், நடுவர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி என்னை ஒரு வகுப்புக்கு அழைத்துச் சென்றார். நான் அந்த ஆட்டத்தை ஒருநாளும் ஆடியவன் அல்லன். ஆனால் விதிநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே மாணவன் நானாக இருந்தேன். ஆண்டுதோறும் நடக்கும் விதித் தேர்வில் தொண்ணூற்றைந்துக்குக் குறைந்து நான் புள்ளி எடுத்ததில்லை.

எங்களுடையது வயதுவந்தோர் ஆடும் அமெச்சூர் லீக். பகலில் தச்சராகவும் கணக்காளராகவும் லொறிச் சாரதியாகவும் இருப்பவர்கள் வார இறுதியில் தலைக்கவசம் அணிந்து மோதுவார்கள். கனடிய விதிகள் வேறு. எங்கள் லீக் அமெரிக்கக் கல்லூரி விதிகளைப் பின்பற்றியது. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து நடுவர்கள். தலைமை நடுவருக்கு வெள்ளைத் தொப்பி. மற்ற நால்வருக்கும் கறுப்பு. என் பதவி லைன் ஜட்ஜ். ஒவ்வொரு ஆட்ட அசைவும் தொடங்கும் கோட்டின் நுனியில், பக்க எல்லையில் நிற்பவன்.

அந்தக் கோட்டைப் பற்றி ஒரு விதியை இங்கே விளக்க வேண்டும். அது இல்லாமல் நான் செய்தது புரியாது.

முன்னோக்கிப் பந்து எறியப்படும்போது, எறியும் அணியைச் சேர்ந்தவர்கள் முன்னே ஓடிச்சென்று, பந்தை ஒருவர் தொடுமுன் எதிரணியினரைத் தடுக்கக்கூடாது. தடுத்தால் குற்றம், பதினைந்து யார்ட் பின்னே போக வேண்டும். ஆனால் இது பந்து கோட்டைத் தாண்டிச் சென்றால் மட்டுமே. பந்து கோட்டுக்குப் பின்னாலேயே பிடிபட்டால், முன்னே நடந்த அதே தடுப்பு முழுக்கச் சட்டபூர்வமானது. ஆக, இருபது யார்ட் முன்னே ஒருவர் செய்தது குற்றமா இல்லையா என்பதை, பின்னே இன்னொருவர் பந்தை எங்கே நின்று பிடித்தார் என்பதே தீர்மானிக்கும். முன்னே நிற்கும் நடுவர் தடுப்பைப் பார்ப்பார். பந்தைப் பார்க்க முடியாது. பந்து பிடிபட்ட இடத்தை உறுதியாகச் சொல்லக்கூடியவன் கோட்டில் நிற்பவன்.

இதற்காக நான் ஒரு முறையை உருவாக்கினேன். பந்தை முன்னே கொண்டுசெல்ல ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எத்தனையாவது நடக்கிறது என்பதை மறக்காதிருக்க நடுவர்கள் வலது கை விரலில் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். நான் இடது கையிலும் ஒன்று மாட்டினேன். சுட்டுவிரலில் இருக்கும் அது, பந்து கோட்டுக்குப் பின்னால் பிடிபட்ட கணமே சுண்டுவிரலுக்குப் போகும். அதன்பின் எத்தனை பேர் கத்தினாலும், எத்தனை பேர் விழுந்து புரண்டாலும், விடை என் விரலில் இருக்கும். புதிதாக வந்த நடுவர்கள் அனைவருக்கும் இதைக் காட்டினேன். லீக்கில் அதற்கு "கனகர் ரப்பர்" என்றே பெயர். என் முழுப்பெயர் கனகசபாபதி.

2. வெள்ளைத் தொப்பி

எங்கள் குழுவின் தலைமை நடுவர் ஓய்வுபெற்றபோது அந்தத் தொப்பி எனக்கே வரும் என்று நான் எண்ணினேன். எண்ணியது மட்டுமல்ல, என் தலையின் சுற்றளவையும் ஒருநாள் அளந்து வைத்தேன். வந்தது நவத்துக்கு.

நவம் விட்பியில் வசிப்பவர்; என்னைவிட எட்டு வயது இளையவர்; நகரப் பேருந்துச் சாரதி. எனக்கு ஒன்பது பருவங்கள் பின்னால் வந்தவர். அவருக்கு முதன்முதலில் விசில் ஊதக் காட்டிக்கொடுத்தவன் நான். விதித் தேர்வில் எண்பத்திரண்டு எடுத்துவிட்டு, "பாஸ் தானே அண்ணை" என்று சிரிக்கும் மனிதர். அவருக்குப் பட்டம் இல்லை. அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணம் இல்லை. அவருடைய மேற்சட்டையின் பொத்தான்கள்கூட ஒழுங்காகப் பூட்டப்பட்டதில்லை.

ஆனால் மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும்போது நவம் நடுவில் போய் நிற்பார். பேருந்தில் சொல்வதைப்போலப் பெருங்குரலில், "மூவ் பாக் பிளீஸ்! பிஹைண்ட் த வைட் லைன்!" என்பார். சண்டைபிடித்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அதே இடத்தில் நான் போய் விதி எண்ணையும் அதன் உட்பிரிவையும் சொன்னால், அதுவரை சும்மா நின்றவர்களும் சண்டைக்கு வருவார்கள்.

நடுவர்களை நியமிப்பவர் டொனா, ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. அவர் என்னை அழைத்து, ஆட்டக்காரர்கள் நவம் சொன்னால் கேட்கிறார்கள், அதுதான் காரணம் என்றார். உங்கள் விதியறிவு ஒப்பற்றது, நீங்கள் கோட்டிலேயே நிற்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து தலையை அளந்த அளவுநாடாவை எடுத்து மேசை லாச்சியின் அடியில் வைத்தேன்.

அந்தப் பருவம் முழுவதும் நான் ஆட்டத்தைப் பார்த்ததைவிட நவத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் கைச்சைகை காட்டும்போது முழங்கை சரியான கோணத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். குற்றம் அறிவிக்கும்போது சொற்களை மாற்றிச் சொன்னால் மனதில் குறித்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்து அணித்தலைவர்கள் அவர் தோளில் தட்டிப் போகும்போது, எத்தனை பேர் தட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இத்தனைக்கும், நெடுஞ்சாலையில் கார் ஓட்ட எனக்குத் துணிவில்லாததால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்காபரோவில் என் வீட்டு வாசலுக்கு வந்து என்னை ஏற்றிச் செல்பவரும் அவரே. அவருடைய காரில் ஏறி அமர்ந்து, அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, அவர் எப்போது தவறுவார் என்று காத்திருந்தேன்.

"என்ன கனகண்ணை, பேசாமல் வாறியள்?" என்று அவர் கேட்பார்.

"ஆட்டத்தைப் பற்றி யோசிக்கிறன்" என்பேன்.

"நீங்கள் யோசியுங்கோ. அப்ப நான் யோசிக்கத் தேவையில்லை. லைனிலை நீங்கள் நிக்கிறியள் எண்டா எனக்கு நித்திரை கொண்டாலும் பயமில்லை."

அவர் அதை மெய்யாகவே நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

3. ஐம்பத்தொரு விநாடிகள்

இறுதியாட்டம் நவம்பர் மாதத்துச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றில் நடந்தது. காற்று குளிராக வீசியது. நான் கையுறைக்கு மேல் ரப்பரை மாட்டியிருந்தேன்.

மூன்று புள்ளிகளால் பின்தங்கியிருந்த அணிக்குத் தலைவர் சுதன். முப்பத்தாறு வயது, சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான மாடிக் கட்டடங்களில் வளர்ந்தவர், இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு ஆடுபவர். பதினொரு ஆண்டுகளில் அவருடைய அணி இறுதியாட்டத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. தனக்கு இதுதான் கடைசி ஆட்டம் என்று தொடக்கத்திலேயே என்னிடம் சொன்னார். "அங்கிள், இண்டைக்கோடை நான் டன். வைஃப் இனி ஐஸ் பாக் வைக்க மாட்டாவாம்." மைதானத்தில் என்னை அங்கிள் என்று அழைக்க வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டதில்லை.

ஐம்பத்தொரு விநாடிகள் இருந்தபோது எதிரணியின் முப்பத்தோராவது யார்ட்டில் சுதனின் அணியிடம் பந்து. ஆட்டம் தொடங்கியதும் பந்து எறிபவர் என் பக்கமாகத் திரும்பி, ஓடுபவனுக்குக் குறுகியதாக, சற்றே முன்னோக்கி எறிந்தார். ஓடுபவன் கோட்டுக்கு ஒன்றரை யார்ட் பின்னால் நின்று பிடித்தான். என் கண்ணுக்கும் அவனுக்கும் இடையில் காற்றைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. பந்து வருமுன்பே சுதன் ஐந்து யார்ட் முன்னே போய், தடுக்க வந்த எதிரணிக்காரரை நெஞ்சோடு நெஞ்சாகத் தடுத்து நிறுத்தியிருந்தார். அந்த இடைவெளியால் ஓடியவன் ஒருவர் கையிலும் படாமல் எல்லைக்குள் போய் விழுந்தான். ரச்டவுண். ஆறு புள்ளிகள், கோப்பையும் அவர்களுக்கே.

முன்னே நின்ற நடுவர் மார்க், பகலில் தபால்காரர், சுதனின் தடுப்பைப் பார்த்து குற்றத்தைக் குறிக்கும் மஞ்சள் கொடியை எறிந்தார். அவர் மேல் பிழையில்லை. பந்து எங்கே பிடிபட்டது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் வெள்ளைத் தொப்பியின் வேலை. சொல்வது என் வேலை.

நவம் ஓடிவந்தார். "கனகண்ணை, எங்கை பிடிச்சவன்? லைனுக்கு உள்ளுக்கோ, தாண்டியோ?"

அந்த நேரத்தில் நான் கண்டது இதுதான். நான் உண்மையைச் சொன்னால் நவம் கொடியை எடுத்துவிடுவார். அரங்கம் எழுந்து ஆரவாரிக்கும். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் சரியான முடிவை எடுத்த தலைமை நடுவர் என்று அவரைப் பற்றி ஆண்டாண்டாகப் பேசுவார்கள். விடை என்னுடையது, பெயர் அவருடையது. சொல்லாவிட்டால் கொடி நிற்கும். முடிவு பிழை. அந்தப் பிழை வெள்ளைத் தொப்பியின் பிழை.

"தெரியேல்லை" என்றேன். "எனக்கு முன்னாலை ஆள் வந்து மறைச்சிட்டுது."

நவம் என் முகத்தைப் பார்த்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. இது கப்."

"தெரியேல்லை எண்டு சொல்லீட்டன் தானே."

விதிப்படி, கோட்டிலிருந்து தகவல் இல்லையென்றால் கொடி நிற்கும். நவம் திரும்பி நடந்து, இரு கைகளையும் தோளிலிருந்து முன்னே தள்ளிக் குற்றத்தை அறிவித்தார். அன்று அவருடைய முழங்கைக் கோணம் மிகச் சரியாக இருந்தது. பந்து பதினைந்து யார்ட் பின்னே போனது. அடுத்தடுத்த முயற்சிகள் வீணாகின. ஆட்டம் முடிந்தது.

சுதன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நவத்திடம் அல்ல. அவர் கத்தவில்லை. "அங்கிள், ஏப்ரலிலை கிளினிக் வைச்சு நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள். பந்து லைனுக்குப் பின்னாலை எண்டா முன்னுக்கு புளொக் பண்ணலாம் எண்டு. நான் அதைத்தானே செய்தனான். வாட் டிட் ஐ டூ ரோங்?"

ஒவ்வொரு ஆண்டும் பருவத்துக்கு முன் அணிகளுக்கு விதி வகுப்பு எடுப்பவன் நான். அந்தத் தடுப்பை வரைபலகையில் வரைந்து காட்டியவனும் நானே.

"தீர்ப்பு தலைமை நடுவருடையது" என்றேன். "அவரிடம் கேளும்."

காருக்குப் போகும் வழியில் கையுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். ரப்பர் என் சுண்டுவிரலில் இருந்தது. நான் பொய் சொல்வதற்கு முன்பே என் கை தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

4. நவம் நிறுத்திய இடம்

இரண்டு கிழமைகளுக்குப் பின், ஞாயிறு பிற்பகலில், ஒரு சனசமூக நிலைய அறையில் டொனா எங்களைக் கூட்டினார். ஐந்து நடுவர்களும் இருந்தோம். லீக்கின் கமெரா எதிர்ப்பக்க மேடையிலிருந்து எடுத்த வீடியோவைப் பார்ப்பது வழக்கம். நவம் முன்னதாகவே வந்து மடிக்கணினியைத் திரையில் இணைத்து வைத்திருந்தார்.

ஓடுபவன் பந்தைப் பிடித்த இடம் திரையில் பட்டப்பகல்போல் தெரிந்தது. கோட்டுக்கு ஒன்றரை யார்ட் பின்னே. மார்க் நெற்றியில் கைவைத்தார். கோட்டில் நின்றவர் யார் என்று டொனா கேட்டார். கேட்கத் தேவையில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு மறைத்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

திரையின் மேல் ஓரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் யாரும் இல்லை. இன்னும் ஒரு விநாடி ஓடினால் என் வலது கை இடது கையைத் தொடும். அதன் பொருள் அறிந்த வேறு நான்கு நடுவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். நான் அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

நவம் வீடியோவை நிறுத்தினார்.

தொடரச் சொன்னார் டொனா. இதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமில்லை என்றார் நவம். பிழை தன்னுடையது என்றார். ஐவரையும் ஓரிடத்தில் கூட்டி மறுபடி கேட்டிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டேன், அறிக்கையில் என் பெயரை எழுதுங்கள் என்றார். அவருடைய இலக்கணமற்ற ஆங்கிலம் அன்று எல்லோருக்கும் தெளிவாக விளங்கியது. டொனா எழுதிக்கொண்டார்.

வாகனத் தரிப்பிடத்தில் நான் அவரை நிறுத்தினேன். நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அறியவேண்டியிருந்தது.

"ஏன் அந்த இடத்திலை நிப்பாட்டினனீர்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும் அண்ணை."

"தெரிஞ்சால் டொனாவிட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தனான். நீங்கள் எழும்பிச் சொல்லுறதுக்குத்தான் நான் காலமையே வீடியோவைப் பாத்துப்போட்டும் ஒண்டும் கதைக்காமல் இருந்தனான். நீங்கள் 'மறைச்சிட்டுது' எண்டியள்." காரின் திறப்பைக் கையில் வைத்துச் சுழற்றினார். "உங்களுக்காக நிப்பாட்டேல்லை. அந்த ரப்பரை இந்த லீக்கிலை எல்லாரும் போடுகினம். அதைப் போட்டுக்கொண்டே ஒருத்தர் பொய் சொல்லலாம் எண்டு இண்டைக்குக் கண்டால், நாளைக்கு லைனிலை நிக்கிற ஒருத்தரையும் ஒருத்தரும் நம்ப மாட்டினம். அதுக்குத்தான். ஏறுங்கோ, குளிருது."

நான் பேருந்தில் வருவதாகச் சொன்னேன்.

"பஸ்ஸிலையோ? ஞாயிற்றுக்கிழமை அது அரை மணித்தியாலத்துக்கு ஒண்டு. எனக்குத் தெரியாதே? ஏறுங்கோ அண்ணை."

ஏறினேன். என்னைக் காப்பாற்றியதற்காக நான் அவரை வெறுத்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் குறைந்தபட்சம் நாங்கள் இருவரும் சமமாகியிருப்போம்.

5. அளவு சரியாக இருந்தது

மார்ச் மாதம் டொனா தொலைபேசியில் அழைத்தார். இறுதியாட்டத் தவறின் காரணமாக நவம் இந்தப் பருவம் லைன் ஜட்ஜ். வெள்ளைத் தொப்பி உங்களுக்கு. சம்மதமா?

நான் சம்மதம் என்றேன். வாசகர்கள் இங்கே நான் தயங்கினேன் என்று ஏதாவது எதிர்பார்க்கலாம். தயங்கவில்லை. தொப்பி தபாலில் வந்தது. நான் அளந்து வைத்திருந்த அளவுக்குச் சரியாக இருந்தது. கண்ணாடியின் முன் நின்று கைச்சைகைகள் அனைத்தையும் ஒருமுறை செய்து பார்த்தேன். கோணங்கள் பிழையற்றவையாக இருந்தன.

மே மாதம் முதல் ஆட்டம். நவம் வழக்கம்போல என்னை ஏற்றிச் சென்றார். அவர் தலையில் கறுப்புத் தொப்பி. நான் நின்ற அதே கோட்டில், அதே நுனியில் போய் நின்றார். மைதானத்தின் வேலிக்கு வெளியே சுதன் ஒரு மடக்குக் கதிரையில் அமர்ந்திருந்தார். சொன்னபடி ஆட்டத்தை விட்டிருந்தார். தன் அணியைப் பார்க்க வந்திருந்தார்.

இரண்டாம் பாதியில் அது மறுபடி நடந்தது. குறுகிய எறிதல், முன்னே ஒரு தடுப்பு, மார்க்கின் மஞ்சள் கொடி. இந்த ஆட்டத்தில் வாரம் தவறாமல் நிகழும் அசைவுதான் அது. இம்முறை வெள்ளைத் தொப்பியோடு ஓடியவன் நான்.

"எங்கை பிடிச்சவன்?" என்றேன்.

பழிவாங்குவதற்கு அவருக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. நான் சொன்ன அதே சொல். என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவருடைய வாயைப் பார்த்தபடி நின்ற அந்தக் கணத்தில்தான், நவம்பரில் அவர் என் முன் எப்படி நின்றிருப்பார் என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது.

நவம் இடது கையை உயர்த்தினார். ரப்பர் சுண்டுவிரலில் இருந்தது. "பின்னாலை. ஒரு யார்ட். வடிவாக் கண்டனான், கொடியை எடுங்கோ."

கொடியை எடுத்தேன். ரச்டவுண் நின்றது. அரங்கம் ஆரவாரித்தது, நான் ஒருகாலத்தில் கற்பனை செய்தபடியே, வெள்ளைத் தொப்பிக்காக. அந்த ஆரவாரத்துக்கு மேலாக வேலிக்கு வெளியேயிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது.

"அங்கிள்! இந்த முறை மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் மீதியை முறையாக நடத்தி முடித்தேன். அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு தொப்பியைக் கழற்றி, டொனாவின் இலக்கத்தை அழைத்து, ஆறு மாதங்களுக்கு முன் சொல்லியிருக்க வேண்டிய மூன்று வசனங்களைச் சொன்னேன். நான் கண்டேன். காணவில்லை என்று பொய் சொன்னேன். நவம் மேல் பிழை இல்லை.

காரணம் என்ன என்று டொனா கேட்டார். தொப்பி என்றேன்.

6. ஸ்ரௌவ்வில்

அடுத்த சனிக்கிழமை காலை சுதனின் வீட்டுக்குப் போனேன். ஸ்ரௌவ்வில்லின் புதிய வீடுகளில் ஒன்று. இன்னும் மரம் வளராத தெரு. என்னை ஏற்றிச் சென்றவர் நவம். உள்ளே வர மறுத்துக் காரிலேயே இருந்தார்.

சுதன் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வரச்சொல்லவில்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். நான் சொல்லி முடித்ததும், "எனக்குத் தெரியும்" என்றார். "பிளேயர்ஸ் எல்லாருக்கும் தெரியும். வீடியோவிலை உங்கடை கை வடிவா இருக்கு. பட் ஒருத்தரும் நம்பேல்லை. கனகர் அங்கிள் அப்பிடிச் செய்ய மாட்டார், குளிரிலை கை விறைச்சுத் தேய்ச்சிருப்பார் எண்டுதான் சொன்னவங்கள். நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

இத்தனை பருவங்களாக நான் சேர்த்த நற்பெயர் அது. அதைக்கொண்டு நான் பொய்யை மூடியிருந்தேன் என்பதுகூட எனக்குத் தெரியாமல் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

"மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன். என் வாழ்நாளில் என்னைவிட இளையவர் ஒருவரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை.

"அங்கிள், நீங்கள் சொறி சொல்ல வந்தனீங்களோ, உங்கடை பேரைக் காப்பாத்த வந்தனீங்களோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ரெண்டுக்கும்தான்."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கோபம் போய்விட்டதற்கான சிரிப்பல்ல அது. "கப் திரும்பி வராது. என்ரை முழங்காலும் திரும்பி வராது. நீங்கள் ஒண்டு செய்யுங்கோ. எழுதுங்கோ. உங்கடை பேரோடை. நான் போய்ச் சொன்னா தோத்தவன் புலம்புறான் எண்டுவினம். நீங்கள் எழுதினாத்தான் அது நடந்தது எண்டு ஆகும்."

காருக்குத் திரும்பியபோது நவம், "என்னவாம்?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லாத்தான் கேட்டிருக்கிறான்" என்று சொல்லி எஞ்சினை இயக்கினார். "நீளமா எழுதாதையுங்கோ அண்ணை. நீங்கள் எழுதினா விதி நம்பர் எல்லாம் போடுவியள்."

விதி எண் ஒன்றையும் நான் இங்கே போடவில்லை என்பதை அவர் கவனிப்பார் என நினைக்கிறேன்.

லீக் ஒரு பருவத்துக்கு என்னை நிறுத்திவைத்தது. இறுதியாட்டத்தின் முடிவு மாறவில்லை. விதிப்படி மாறவும் முடியாது. வெள்ளைத் தொப்பி நவத்திடம் திரும்பிப் போனது. டொனா அவரையும் கடிந்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன், அந்த வீடியோவை நிறுத்தியதற்காக. அது நியாயமே.

இப்போது நான் மறுபடி கோட்டில் நிற்கிறேன். என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். நவத்தின் குரல் மைதானத்தில் எழுந்து ஆட்டக்காரர்கள் சிரிக்கும்போது என் கண் இன்னமும் அவருடைய முழங்கைக் கோணத்துக்குப் போகிறது. அணித்தலைவர்கள் அவர் தோளில் தட்டுவதை இன்னமும் எண்ணுகிறேன். போன வாரம் நான்கு பேர். பொறாமை வரக்கூடாது என்று இளைய நடுவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அது வரும்போது உங்கள் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள் என மட்டும் சொல்ல முடியும்.

கனகர் ரப்பரில் நான் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். அந்தப் பழைய முறையில் ஒரு குறை இருந்தது: விடை என் விரலில் இருக்கும், கேட்கும்வரை வேறு ஒருவருக்கும் தெரியாது. பந்து பிடிபடுவதற்கும் கேள்வி வருவதற்கும் இடையில் ஏழெட்டு விநாடிகள். ஒரு மனிதன் தன்னைக் கெடுத்துக்கொள்ள அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும். ஆகவே இப்போது எங்கள் லீக்கில், பந்து கோட்டுக்குப் பின்னால் பிடிபட்டதும் லைன் ஜட்ஜ் ரப்பர் இருக்கும் இடது கையைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டும். எல்லோரும் பார்க்க. ஒருவரும் கேட்பதற்கு முன்னால்.

அதற்கு என் பெயரை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நவம்தான் கேட்கவில்லை.